படித்துவிட்டு வாருங்கள்

மாசிலாமணி குடியாத்தத்திலிருந்து ஆந்திரப் பக்கத்துப் புத்தூருக்குப் போதகராக மாற்றலாகி வந்தபோது, மினி லாரியிலிருந்து சாமான் இறக்கிய ஆட்கள் கட்டிலையும் பீரோவையும் சுலபமாக இறக்கிவிட்டார்கள். அட்டைப் பெட்டிகளுக்குத்தான் திணறினார்கள். "இன்னா சாமி, உள்ள கருங்கல்லு வச்சிக்கினு கீறீங்களா?" என்று ஒருவர் மூச்சு வாங்கக் கேட்டார். எல்லாம் புத்தகங்கள். மாசிலாமணிக்கு அந்தக் கேள்வி பெருமையாக இருந்தது. மனைவி சுலோசனா மட்டும், "இதுல பாதிய அங்கியே யாருக்காவது குடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

அவருக்குப் புத்தகம் என்றால் அப்படி ஒரு பிடிப்பு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பிறந்து, பத்தாவது பெயிலாகி, ஊர் சுற்றிக்கொண்டிருந்த பையன் அவர். யாரோ ஒரு மிஷனரியின் வாழ்க்கையைச் சொல்லும் கிழிந்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அதைப் படித்து முடித்த வாரமே மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டினார். வேதாகமக் கல்லூரி, குருப்பட்டம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்த ஒரு நல்ல புத்தகம் போதும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது, பிறகு அசையவே இல்லை.

ஆகவே புத்தூர்ச் சபையில் யார் என்ன குறையோடு வந்தாலும் அவர் அலமாரியைத் திறப்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா, குடும்ப வாழ்க்கை பற்றி ஒரு புத்தகம். பிள்ளையை இழந்தவர்களா, துன்பத்தைப் பற்றி ஒன்று. ஊழியம் செய்ய ஆசைப்படும் வாலிபனா, அவனுக்கு மூன்று. ஜெபம் செய்துவிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்து, "படிச்சிட்டு வாங்க, பேசலாம்" என்பார். வாசல் பக்கத்துக் கரும்பலகையில் மாதாமாதம் விசுவாசம், மிஷன், சபைத் தலைமை என்று மூன்று தலைப்பு போட்டு, எதற்கு எந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்று தமிழில் அழகாக எழுதிப் போடுவார். ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் அதற்கு முன்னால் சற்று நின்று, மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நல்ல சபை அது. எல்லைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பாட்டு தமிழ், கோபம் தெலுங்கு. இருபது வருஷத்துக்கு மேல் அவர்களோடு இருந்தார். எத்தனை கல்யாணம் செய்து வைத்திருப்பார், எத்தனை பேரை அடக்கம் செய்திருப்பார். அவர்களை முழுக்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்.

சிட்டிபாபு அந்தச் சபையில் ஒருத்தர். ரேணிகுண்டாவில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெருப்பையே பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் கொஞ்சம் சிவந்திருக்கும். மனைவி ரத்னம்மா, ஒரே மகள் பிரித்திகா. சபையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மாசிலாமணிக்குச் செய்தி வருவதற்கு முன்பே சிட்டிபாபு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். தனியாக இருக்கும் விதவைகளுக்குக் காஸ் சிலிண்டர் தூக்கிக் கொடுப்பது அவர்தான். குரல் கனமானது. பாட ஆரம்பித்தால் சபை தன்னால் கூடப் பாடும். வேதபாடம் வாசிக்கச் சொன்னால் மட்டும், "தொண்டை கட்டிகினு கீதுங்கய்யா, அடுத்த வாரம்" என்பார். பாடும்போது கட்டாத தொண்டை வாசிக்கும்போது மட்டும் ஏன் கட்டுகிறது என்று மாசிலாமணி ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாகலாபுரம் தாண்டி சத்தியவேடு போகும் வழியில் உள்ளே தள்ளி நல்லான்கண்டிகை என்று ஒரு ஊர். அங்கே ஆறு கிறிஸ்தவக் குடும்பங்கள். கூலி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஜெபம் நடத்திக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போன சிட்டிபாபு, அடுத்த ஞாயிறு மதியமும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறும். ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பாடுவார்கள், அவரவர் கஷ்டத்தைச் சொல்லுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்த ஊர் ஆட்கள் புத்தூருக்கே வந்துவிட்டார்கள். "சிட்டிபாபு அண்ணனையே எங்க ஊருக்கு நிரந்தரமா போட்டுடுங்க ஐயா" என்று கேட்டார்கள்.

மாசிலாமணிக்குச் சந்தோஷம். சந்தோஷம் வந்ததும் அலமாரியைத் திறந்தார்.

"ஊழியம்னா சாதாரணம் இல்ல சிட்டிபாபு. ஆத்துமாக்களுக்குக் கணக்கு கொடுக்கணும். நீங்க முறையா தயாராகணும்" என்று மூன்று புத்தகங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று விசுவாசத்தின் அடிப்படைகள் பற்றி. ஒன்று கிராம மிஷன் பற்றி. மூன்றாவது, கனமான நீல அட்டை போட்டது, சபைத் தலைமை பற்றி. "ஒவ்வொண்ணா படிச்சிட்டு வாங்க."

சிட்டிபாபு முதல் புத்தகத்தை வாங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ஐயா, இது தெலுங்குல கெடைக்குமா?" என்றார்.

மாசிலாமணி சிரித்துவிட்டார். "தமிழ் வீட்ல பொறந்துட்டு இன்னா தெலுங்கு? தாய்மொழியில படிச்சாதான் உள்ள போகும். எடுத்துட்டுப் போங்க."

"சரிங்கய்யா" என்று சிட்டிபாபுவும் சிரித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து முதல் புத்தகம் திரும்பி வந்தது. செய்தித்தாளில் அட்டை போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதைப் பற்றிப் பேசவும் பேசினார். "விசுவாசம்ன்றது கண்ணை மூடிக்கினு கெணத்துல குதிக்கறது இல்ல, இருட்டுல புள்ள நைனா கையப் புடிச்சிக்கினு நடக்கறதுன்னு போட்டுக்கீது பாருங்கய்யா, அது எனக்கு ரொம்ப புடிச்சிது" என்றார். மாசிலாமணி உள்ளே போய் சுலோசனாவிடம் அதைத் திரும்பச் சொன்னார். "வெல்டிங் பண்ற மனுசன். எப்படி உள்வாங்கியிருக்கார் பாரு." இரண்டாவது புத்தகமும் அப்படியே போய், அப்படியே வந்தது. கிராமத்துக்குப் போகிறவன் முதலில் அங்கே தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் வரும் ஒரு இடத்தைச் சொல்லி, தானும் அப்படித்தான் கிணற்றடியில் முதலில் நின்றதாகச் சொன்னார்.

நீல அட்டைப் புத்தகம் போனது. திரும்பவில்லை. கேட்டால், "படிச்சிக்கினே கீறேங்கய்யா" என்று பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாசிலாமணி இன்னொரு காரியமும் செய்தார். ஆராதனையில் பாட்டு நடக்கும்போது வாலிபப் பெண்களும் பையன்களும் செல்போனைப் பார்த்துக்கொண்டே பாடுவதைக் கவனித்தார். பாட்டுப் புத்தகம் பெஞ்சில் கிடக்க, கையில் போன். ஒரு ஞாயிறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி சபைக்குள் யாரும் போன் எடுக்கக் கூடாது. அடுத்த வாரத்திலிருந்து பாட்டு மெலிந்துபோனது. பல்லவியை மட்டும் எல்லோரும் பாடினார்கள். சரணம் வந்தால் பெரியவர்கள் நாலைந்து பேர் குரல்தான் கேட்டது. பிள்ளைகள் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நல்லான்கண்டிகைக்குப் பொறுப்பாளரை நியமிக்கும் நாள் வந்தது. ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. பொங்கலும் கேசரியும் வெளியே தயாராக இருந்தன. திருப்பதியில் டிகிரி படிக்கும் பிரித்திகா கடைசிப் பெஞ்சில் சிநேகிதிகளோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மாசிலாமணி நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினார். சிட்டிபாபு எப்படித் தயாராகியிருக்கிறார் என்று சபை காணட்டும் என்பது அவர் எண்ணம். முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "மூணு புத்தகம் கொடுத்தேன். தலைமையைப் பத்தினதுதான் முக்கியமானது. அதையும் படிச்சிட்டீங்கதானே?" என்றார்.

சிட்டிபாபு சபையைப் பார்த்தார். கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். "படிச்சிட்டேங்கய்யா."

"ரொம்ப நல்லது. அதுல மூணாவது அத்தியாயம்தான் உயிர். அது இன்னா சொல்லுதுன்னு சபைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

சிட்டிபாபு தொண்டையைச் செருமினார். பிறகு கிணற்றடியில் நிற்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது இரண்டாவது புத்தகம். சபைக் கமிட்டியில் இருந்த ஹேமநாத் என்கிற இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர் நீல அட்டைப் புத்தகத்தைப் படித்திருந்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். யாரோ சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசிலாமணிக்கு முகம் சுட்டது. சிட்டிபாபு தன்னையே எல்லோர் முன்னும் ஏமாற்றியது போல இருந்தது. "அது வேற புத்தகம். நான் கேட்டது இது. படிச்சீங்களா, இல்லையா?"

சிட்டிபாபு மறுபடி கடைசிப் பெஞ்சைப் பார்த்தார்.

"படிக்காததைப் படிச்சேன்னு தேவ சமுகத்துல நின்னு சொல்றீங்களே. இப்படிப் பொய் சொல்றவர்கிட்ட எப்படி மந்தையை ஒப்படைக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சிட்டிபாபு தலையை ஆட்டினார், நீங்கள் சொல்வது சரிதான் என்பதுபோல. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பொறுப்பு ஹேமநாத்துக்குப் போனது. வெளியே கேசரி பரிமாறும்போது அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. "ரோஷம். தானா தணிஞ்சி வருவார்" என்றார் மாசிலாமணி. சுலோசனா, "ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்று இரண்டு முறை சொன்னாள். தப்பு செய்தவர் அவர், நான் எதற்குப் போக வேண்டும் என்று இவர் இருந்துவிட்டார். அந்த ஒரு நடையை அன்றைக்கே நடந்திருந்தால் என்று பின்னால் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் மத்தியானம் வாசலில் யாரோ ஒருவர் வந்து நின்றார். நெற்றியில் நாமம், சட்டையில் பல நிறத்தில் பெயிண்ட் சொட்டுகள், உடம்பு வற்றி, கண்ணில் இன்னும் லேசாக மஞ்சள். கையில் அந்த நீல அட்டைப் புத்தகம்.

"பாஸ்டரய்யா வூடு இதானே? எம்பேர் எத்திராஜ். நகரி. ரேணிகுண்டா பட்டறையில லாரிக்கு எழுத்து எழுதறவன். சிட்டிபாபு தோஸ்து."

மாசிலாமணி உட்காரச் சொன்னார். அவர் உட்காராமல் புத்தகத்தை நீட்டினார். "இது எங்கிட்டயே நின்னு பூடுச்சிங்க. மஞ்சகாமாலை வந்து நாலு மாசம் வூட்லயே கெடந்துட்டேன். அப்புறம் வேலைக்கே போவல. இப்பதான் போறேன். உங்க புக்கு, குடுத்துடலாம்னு வந்தேன்."

"உங்ககிட்ட எப்படி இது?"

"நான்தானே படிச்சி சொல்லுவேன்." எத்திராஜ் சாதாரணமாகச் சொன்னார். "மத்தியானம் சோறு துன்னுட்டு லாரி நெழல்ல ஒக்காந்துக்குவோம். நான் படிப்பேன், அவன் கேப்பான். நான் நகரியில தமிழ் மீடியம். மொத ரெண்டு புக்கு முழுசா படிச்சோம். நானும் நடுவுல கேள்வி கேப்பேன், சண்டை கூட போட்டுக்குவோம்." சிரித்தார். "இது பத்து பக்கம் கூட தாண்டல, நான் படுத்துட்டேன்."

"அவரே படிக்கறதுக்கு இன்னா?"

எத்திராஜ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாதேங்க. எட்டாவது வரைக்கும் தெலுங்கு ஸ்கூலு. அதையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் போன பிறகு மாசிலாமணி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் அத்தியாயத்தில் அப்படி என்னதான் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. சபை முன்னால் நின்று கேட்டாரே, அவருக்கே வரவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்க்கக் கை போகவில்லை.

சுலோசனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அவர் மட்டுமா? நம்ம சபையில ஐம்பது வயசுக்குக் கீழ யாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்? எல்லாம் தெலுங்கு ஸ்கூல், இங்கிலீஷ் ஸ்கூல். பொம்பளைங்க கூட்டத்துல நான்தானே வசனம் வாசிக்கிறேன், அவங்க கேட்டுத்தானே மனப்பாடம் பண்றாங்க."

"அந்தப் பிள்ளைங்க போன்ல..."

"தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்துல போட்டு வச்சிருந்தாங்க. அதைப் பார்த்துதான் பாடுவாங்க. நீங்கதான் போனே கூடாதுன்னுட்டீங்க."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் அவள். "இருபது வருசமா இவங்களோட இருக்கீங்க."

சபையார் எடுத்துப் போன புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளையை இழந்து வந்த ஒரு தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாளே. அதை வீட்டில் எங்கே வைத்தாளோ. அவள் வந்தது புத்தகத்துக்கா? பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதாதா? அவர் உட்காரவில்லை. கொடுத்து அனுப்பிவிட்டார்.

சிட்டிபாபுவின் வீட்டுக்கு அடுத்த நாள் சாயங்காலமே போனார். ரத்னம்மா கதவைத் திறந்தவள் ஒரு கணம் தயங்கி, பிறகு, "வாங்கய்யா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சிட்டிபாபு அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டோடு வந்தவர், "தோத்திரங்கய்யா" என்று கும்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் மாசிலாமணிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"எத்திராஜ் வந்தார்" என்றார்.

"சொன்னான்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சிட்டிபாபு. படிக்கத் தெரியாதுன்னு."

சிட்டிபாபு துண்டை மடித்துத் தோளில் போட்டார். "கேட்டேங்கய்யா, தெலுங்குல கெடைக்குமான்னு. நீங்க சிரிச்சிட்டீங்க. அப்புறம் கேக்க ஒரு மாதிரியா பூடுச்சி."

ரத்னம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். மாசிலாமணி அதைத் தொடவில்லை. "உங்களைப் பொய்யர்னு சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும். அதுக்குத்தான் வந்தேன். மன்னிக்கணும்."

"பொய்தானே சொன்னேன். படிச்சேன்னு சொன்னது பொய்தான். அதுக்கு நான் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். நீங்க அதை மனசுல வச்சிக்காதீங்கய்யா."

"அப்ப சபைக்கு வாங்க."

சிட்டிபாபு மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கி எம்பொண்ணு பின்னாடி ஒக்காந்துக்கினு இருந்தா. கூட நாலு சிநேகிதிங்க. நைனா பேரு சொல்லப் போறாங்கன்னு கூட்டியாந்திருந்தா. அதுக்கப்புறம் அவ சர்ச்சுக்குப் போறதே இல்ல. நாங்க போலாம்னாலும், நீங்க போங்க, நான் வரலன்றா. அவளை ஒருத்தியா வூட்ல வுட்டுட்டு நாங்க போய் இன்னா பாடறது?"

பேசிக்கொண்டிருக்கும்போதே பிரித்திகா வந்தாள். திருப்பதி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. இவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். மாசிலாமணி எழுந்துகொண்டார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை. இதே கையில் ஏந்திப் பெயர் வைத்தவர் அவர்.

"அம்மா, உங்கப்பாவை நான் தப்பா பேசிட்டேன். அவர் நல்லவர். தப்பு எம்மேல. நீ என்னை மன்னிக்கணும்."

அவள் செருப்பைக் கழற்றினாள். "பரவாலேது சார்" என்று தெலுங்கில் சொன்னாள்.

சபையில் சின்ன வயதிலிருந்து அவரை ஐயா என்றே கூப்பிட்டவள். அவள் எதையும் குத்திக் காட்டவில்லை. கல்லூரியில் ஒரு வாத்தியாரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது மாசிலாமணி பையிலிருந்து நீல அட்டைப் புத்தகத்தை எடுத்தார். வரும் வழியெல்லாம் அவர் யோசித்து வைத்திருந்தது அது. "மிச்சத்தை நான் வந்து படிச்சிக் காட்டறேன் சிட்டிபாபு. வாரத்துல ஒரு நாள். நீங்க சொல்ற நேரத்துக்கு வரேன்."

சிட்டிபாபு புத்தகத்தைப் பார்த்தார். ஒரு வினாடி அவர் கண்ணில் பழைய ஆசை வந்து போனது போல இருந்தது. பிறகு மெல்லச் சிரித்தார். "இப்ப எதுக்குங்கய்யா? எனக்குன்னு யாரு கீறாங்க நடத்தறதுக்கு?"

அந்த ஞாயிறு மாசிலாமணி பிரசங்கம் செய்யவில்லை. பலிபீடத்துக்குக் கீழே இறங்கி நின்று, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நரைத்த தலைகளுக்கு நடுவே ஒருசில கைகள் எழுந்தன. அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். போனைப் பற்றிச் சொன்னது தப்பு என்றார். சிட்டிபாபுவிடம் தான் நடந்துகொண்டது பெரிய தப்பு என்றார். சிலர் அழுதார்கள். அடுத்த பாட்டுக்குப் பிள்ளைகள் போனை எடுத்தார்கள், சரணங்கள் முழுக்க நிறைந்து ஒலித்தன. வெளியே வந்து ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்ததெல்லாம் பத்திரமா வச்சிக்கீறேங்கய்யா, பைபிள் பக்கத்துலயே" என்றாள். அவர் தலையாட்டினார். எல்லாம் சரிதான். ஆனால் யார் கேட்டிருக்க வேண்டுமோ அவர் அங்கே இல்லை. ஹேமநாத் மறுநாளே சிட்டிபாபு வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஹேமநாத்திடம் நல்லான்கண்டிகை எப்படி இருக்கிறது என்று கேட்டபோதுதான், அவர் அங்கே போய் வெகுநாள் ஆகிவிட்டது தெரிந்தது. "நாலஞ்சி தரம் போனேங்கய்யா. பாடம் எடுத்தேன். வர்ற ஆளுங்க கொறைஞ்சிக்கினே போச்சி. ஆபீஸ்லயும் மார்ச் மாசம் வேலை ஜாஸ்தி..." என்று இழுத்தார்.

மாசிலாமணி தானே கிளம்பிப் போனார். பஸ்ஸில் இறங்கி ஏரிக்கரை ஓரமாக நடந்து ஊருக்குள் போக நல்ல வெயில். தகரக் கொட்டகையில் வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டு குடும்பம் தடா பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாம். மூன்று குடும்பம் சூளூர்பேட்டையிலிருந்து வேன் வைத்துக் கூட்டிப்போகும் வேறு ஒரு கூட்டத்துக்குப் போகிறார்களாம். மீதி இருந்தது தரணி என்கிற பெண்ணின் வீடு ஒன்றுதான். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எதிரே சுவரோரம் நின்றுகொண்டாள்.

"சிட்டிபாபு அண்ணன் நல்லா கீறாராங்கய்யா?"

"நல்லா இருக்கார்."

"கடைசியா ஒரு தரம் வந்தாரு. இனிமே வர முடியாது, வேலை ஜாஸ்தின்னு சொன்னாரு. நாங்க எல்லாம் அழுதோம். அதுக்கு அவரு, 'எதுக்கு அழுவறீங்க, பாஸ்டரய்யா என்னை விட நல்ல ஆளா அனுப்புவாரு. அவங்கல்லாம் நல்லா படிச்சவங்க. எனக்கு இன்னா தெரியும்'னு சொல்லிட்டுப் போனாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வந்தவரும் நல்லவருதாங்க. நோட்ஸ் எல்லாம் குடுத்தாரு."

மாசிலாமணி அவளுக்காக ஜெபம் செய்தார். பாட்டு ஒன்று பாடலாம் என்று அவள் கேட்டாள். சிட்டிபாபு பாடிக் கற்றுக்கொடுத்த பாட்டு. தமிழும் தெலுங்குமாகக் கலந்து ஏதோ ஒரு மெட்டு. அவருக்கு அது தெரியவில்லை. அவள் தனியாகவே பாடினாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது தரணியின் உறவுக்காரர் ஒருவர் அவரை வண்டியில் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். பஸ்கள் வந்து வந்து திரும்பின. மாசிலாமணி நிழலில் நின்றுகொண்டு ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். எல்லாம் தெலுங்கில் இருந்தது. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் திரும்பி, "இது புத்தூர் போகுங்களா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து எந்த பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் அவர் இப்படித்தான் கேட்கிறார்.

"இது ஊத்துக்கோட்டை போறது சாமி. புத்தூர் பஸ் இப்ப வரும். வந்தா நான் சொல்றேன், இப்படி ஒக்காருங்க" என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஏன் உங்களுக்குப் படிக்கத் தெரியாதா என்று அந்த மனிதர் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. மாசிலாமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் வந்ததும் அந்த மனிதர் தோளைத் தட்டிக் காட்டினார். இவர் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.